கிளிநொச்சி டிராக்டர் கராஜ்: மனேஜர் அக்காவோடயே நேரா கதையுங்கோ

உழவு மிசின் வச்சிருக்கிற எல்லாருக்கும் இந்தக் கராஜைத் துணிஞ்சு சொல்லலாம். கரடிப்போக்குச் சந்திப் பக்கம் ஏ9 றோட்டோரம், முன்னுக்கு ஸ்பெயார் பாட்ஸ் கடை, பின்னுக்குத் தகரக் கொட்டிலுக்க வேலை நடக்குது. பேர் போடவேண்டாமெண்டு மனேஜர் அக்கா கேட்டவா, அதால போடேல்ல, பொம்பிளை மனேஜர் இருக்கிற கராஜ் எண்டு அங்க ஆரைக் கேட்டாலும் காட்டுவினம்.

எங்கட டாஃபே 45 டிஐ டிராக்டருக்கு கிளட்ச் வழுக்கத் தொடங்கீட்டுது, அதுவும் காலபோக விதைப்புக்குக் கிட்ட, மழை இறங்கினாப் பிறகு ஒரு கராஜிலயும் ஆள் பிடிக்கேலாது. அக்கா மிசினை ஸ்டார்ட் பண்ணச் சொல்லி, கிளட்சை மிதி, விடு எண்டு சொல்லிச் சொல்லி பக்கத்தில நிண்டு கேட்டவா. பிறகு "பிளேட் மட்டும் இல்லைத் தம்பி, மிதிக்கேக்க சத்தம் வருது, றிலீஸ் பெயாறிங்கும் முடிஞ்சுது, ரெண்டையும் ஒண்டா மாத்தினா திரும்ப ஒருக்கா மிசினைப் பிரிக்கிற கூலி மிச்சம்" எண்டா. ஒரு அட்டையில சாமான் விலை வேற, கூலி வேற எழுதித் தந்து, அந்தக் காசுக்கு மேல ஒரு சதமும் கேக்கேல்ல. கழட்டின பழைய பிளேட்டையும் கையில தந்தவா, ரிவெட் வெளிய தெரியிற அளவுக்குத் தேஞ்சு போய்க் கிடந்தது. இப்பிடிக் கணக்கா, மறைக்காம வேலை செய்யிற இடம் எங்கட பக்கம் குறைவு, அது அவா நடத்துற விதத்தால வந்தது எண்டதில எனக்குச் சந்தேகம் இல்லை.

ஆனா அங்க நிக்கேக்க பாத்த ஒரு விசயம் மனசை உறுத்துது. ஒரு ஐயா வந்தார், மேசையில இருந்த அக்காவைத் தாண்டிப் போய், கையெல்லாம் கிறீஸோட நிண்ட பெடியனிட்ட "பெரியாள் இல்லையோ?" எண்டு கேட்டார். "அவாதான் ஐயா" எண்டு பெடியன் காட்ட, "இல்லையடா தம்பி, ஆம்பிளை ஆள் ஒராள்" எண்டார். கடைசியா விலையைப் பெடியனிட்டயே கேட்டார், பெடியன் வந்து அக்காவிட்டக் கேட்டுப் போய்ச் சொன்னான், அஞ்சு நிமிச அலுவல் அரை மணித்தியாலம் இழுபட்டுது. அக்கா ஒண்டும் சொல்லேல்ல, தினமும் நடக்கிறது போல.

அந்த ஐயா கொண்டுவந்ததும் டாஃபே மிசின்தான். அந்த மிசினைச் செய்யிற சென்னைக் கொம்பனியை நடத்துறது மல்லிகா சீனிவாசன், ஒரு பொம்பிளை. 1986 இல சேர்ந்தவா, இண்டைக்கு இந்தியாவில ரெண்டாவது பெரிய டிராக்டர் கொம்பனியா அது நிக்குது, 2014 இல பத்மஸ்ரீயும் குடுத்தவை. தகப்பன்ர கொம்பனிதானே எண்டு சொல்லுவினம், மகன்மார் தகப்பன்ர கதிரையில இருக்கேக்க அந்தக் கேள்வியை ஒருத்தரும் கேக்கிறேல்லயே. இந்தியாவிலயும் பெரிய இடங்களில இதே நிலைமைதான், 2013 கொம்பனிச் சட்டத்தில, பங்குச்சந்தையில இருக்கிற கொம்பனியளுக்குக் குறைஞ்சது ஒரு பொம்பிளை டிரெக்டர் எண்டு எழுதித்தான் ஒரு கதிரை வாங்கவேண்டி இருந்தது.

அதைவிட, இந்திய ஆமியில பொம்பிளை ஒஃபிசர்மாருக்கு நிரந்தர சேவையும் கட்டளைப் பதவியும் குடுக்கிற வழக்கில அரசாங்கம் வச்ச வாதம் என்னெண்டா, படையில கனபேர் கிராமத்தால வந்த ஆம்பிளையள், பொம்பிளையின்ர கட்டளையை ஏற்கிற மனநிலை இன்னும் அவையளுக்கு இல்லை எண்டு. 2020 மாசியில உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளீட்டுது. கிராமத்து ஆக்களில பழியைப் போடுறதைக் கேட்டா எனக்குச் சரியான கோவம் வரும். இந்தக் கராஜில வேலை செய்யிறது விசுவமடு, தருமபுரம், பூநகரிப் பெடியள், அக்கா சொன்னா செய்யினம், தெரியாட்டி அவாவிட்டயே கேக்கினம், ஒரு முகச்சுழிப்பும் இல்லை. சண்டைக் காலத்தில முல்லைத்தீவு மாவட்டத்தை நடத்துற அரசாங்க அதிபரா இருந்தவா இமெல்டா சுகுமார், வவுனியாவுக்கு இருந்த சார்ள்ஸ் அம்மா பிறகு வடக்குக்கு ஆளுநராவும் வந்தவா, சண்டை முடிஞ்சாப் பிறகு கிளிநொச்சிக்கு ரூபவதி கேதீஸ்வரன். அவையளின்ர கையெழுத்துக்கு எங்கட அப்பாமார் வரிசையில நிண்டவை, அப்ப ஒருத்தரும் ஆம்பிளை ஆள் இல்லையோ எண்டு கேக்கேல்ல, பிறகேன் ஒரு கராஜில கேக்கினம்?

குறையும் சொல்லோணும். இருக்க ரெண்டு வாங்குதான், மத்தியானத்தில தகரச் சூடு தாங்கேலாது. ஹைட்ரோலிக் வேலைக்கு ஒரே ஒரு மெக்கானிக் பாஸ்தான் இருக்கிறார், அதால அந்த வேலை சுணங்கும், அக்காவுக்கு முதலே கோல் எடுத்து நாள் கேட்டிட்டுப் போங்கோ. மிசினுக்குப் பின்னால கொழுவுற பெட்டியோட போகாதேங்கோ, உள்ளுக்க திருப்ப இடமில்லை, வீட்டில கழட்டி வச்சிட்டு மிசினை மட்டும் கொண்டு போங்கோ.