வீட்டுக் கேக் என்று நம்பி 680 வெள்ளி கொடுத்தேன்: பினாங்குக்காரர்கள் கவனம்

டிசம்பர் 24, இரவு 8.40. ஜெலுத்தோங்கில் எங்கள் வீட்டு வாசலில் டெலிவரி தம்பி ஓர் அட்டைப்பெட்டியை வைத்துவிட்டுப் போனார். மதியம் 3 மணிக்கு வந்திருக்க வேண்டியது. இரண்டு பழக் கேக், ஒரு சூஜி கேக், மது சேர்க்காத ஒரு வெண்ணெய்க் கேக், ஒரு முழு வாட்டிய கோழி, ஒரு பாட்டில் ரம் பஞ்ச். எல்லாம் சேர்த்து 680 வெள்ளி (ரிங்கிட்). பெட்டியைத் தூக்கியதுமே வயிற்றைப் பிசைந்தது. கனமே இல்லை.

எங்கள் வீட்டில் கேக் வெளியில் வாங்கும் பழக்கமே கிடையாது. அம்மா நாற்பது வருடமாகத் தன் கையால் செய்தவர். செப்டம்பர் கடைசியில் கருப்புத் திராட்சை, சுல்தானா, ஆரஞ்சுத் தோல் எல்லாவற்றையும் பொடியாக நறுக்கி, பெரிய கண்ணாடிப் போத்தலில் ரம் ஊற்றி மூடிவிடுவார். வாரம் ஒருமுறை கிளறுவது பிள்ளைகள் எங்கள் வேலை. வெண்ணெய் என்றால் டின்னில் வரும் கோல்டன் சர்ன்தான், வேறு எதையும் தொடமாட்டார். கேக்குக்கு அந்தக் கரும்பழுப்பு நிறம் சீனியைக் கருக்கி ஊற்றுவதால் வருவது. போன வருடம் அம்மாவுக்கு வலது தோளில் அறுவை சிகிச்சை. மாவு அடிக்க முடியாது என்றதும் ரொம்ப வருத்தப்பட்டார். எனக்கு வேலை நேரம் சரிப்படவில்லை. அதனால்தான் ஆர்டர் கொடுத்தேன். இல்லாவிட்டால் இந்தக் கதையே இல்லை.

விற்ற பெண்ணின் பெயரை இங்கே போடவில்லை. வழக்கு நடக்கிறது. நவம்பர் முதல் வாரம் வாட்ஸ்அப்பில் ஒருவர் அனுப்பிய படத்தைப் பார்த்துத்தான் பேசினேன். படத்தில் இருந்த கேக் அம்மா செய்வது போலவே கறுப்பாக, பளபளப்பாக, பழம் நெருக்கமாக இருந்தது. "அக்கா, பழம் ஆகஸ்ட்லயே ஊறவெச்சிட்டேன், நம்ம வீட்டுக் கைப்பக்குவம்" என்றார். விலையும் மலிவு இல்லை, ஒரு கிலோ பழக் கேக் 130 வெள்ளி. மலிவாக இருந்தால் யோசித்திருப்பேன். நல்ல விலை கேட்டதால்தான் நம்பினேன். பாதிப் பணம் முன்பணம் என்று பேச்சு. டிசம்பர் 18 அன்று, முட்டை விலை ஏறிவிட்டது, மீதியையும் இப்போதே போட்டால்தான் செய்வேன் என்றார். போட்டுவிட்டேன். திரையில் வந்த பெயர் அவருடைய பெயர் இல்லை. கேட்டதற்கு, அண்ணன் கணக்கு என்றார். அங்கேயே நின்றிருக்க வேண்டும்.

சரி, பெட்டிக்குள் என்ன இருந்தது?

ஒரு கிலோ என்ற பழக் கேக்கைத் தராசில் வைத்தேன், 720 கிராம். வெட்டிப் பார்த்தால் வெளிர்மஞ்சள் ஸ்பாஞ்சு. சிவப்பும் பச்சையுமாகச் சர்க்கரை செர்ரித் துண்டுகள் மட்டும் அடியில் இறங்கிக் கிடந்தன. வாசம் பூராவும் எசன்ஸ், நாக்கில் வைத்ததும் கசப்பு. ஊறிய பழம் சேர்த்த கேக் கையில் எடுத்தாலே தெரியும்: கனமாக, ஈரமாக, மெல்லிசாக வெட்டினாலும் உடையாமல் நிற்கும். பழத்தைக் கொஞ்சம் மாவில் புரட்டிப் போடுவதும், மாவையே கெட்டியாக அடிப்பதும் பழம் அடியில் இறங்காமல் இருக்கத்தான். இரண்டாவது கேக்கின் அடித்தாளில் பாதி கிழித்த ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. அதில் காலாவதித் தேதியும் பார்கோடின் ஒரு துண்டும். தொழிற்சாலைக் கேக்கை வாங்கி, பிளாஸ்டிக்கை உரித்து, ரிப்பன் கட்டி அனுப்பியிருக்கிறார்.

சூஜி கேக் அதைவிட மோசம். ரவையை முதல் நாள் இரவே வெண்ணெயில் கலந்து ஊறவிட வேண்டும், அப்போதுதான் மெத்தென்று இருக்கும். பாதாம் பொடி, நிறைய மஞ்சள்கரு, கொஞ்சம் பிராந்தி. இங்கே நமக்கு யுரேசியர்கள் (ஐரோப்பிய, ஆசியக் கலப்பு வம்சத்தினர்) வழியாக வந்த கேக் இது, அவர்கள் கல்யாணத்துக்கும் கிறிஸ்துமஸுக்கும் செய்வார்கள். எனக்கு வந்ததில் ரவை மணல் போலப் பல்லில் நெறுநெறுத்தது. பாதாம் மேலே வைத்த நாலு பருப்போடு சரி.

வெண்ணெய்க் கேக்கை எதிர்வீட்டு மலாய்க்கார மக்சிக்குக்காக, அதாவது ஆன்ட்டிக்காக, சொல்லியிருந்தேன். வருடா வருடம் நோன்புப் பெருநாளுக்கு அவர் வீட்டு ரெண்டாங் (மலாய் இறைச்சிக் கறி) எங்களுக்கு வரும், கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டிலிருந்து மது படாத பலகாரம் போகும். தனிப் பாத்திரத்தில் செய்து தனிப் பெட்டியில் அனுப்புங்கள் என்று இரண்டு தடவை சொன்னேன். அது பழக் கேக்கோடு ஒரே பெட்டியில், ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. அதை எப்படிக் கொடுப்பேன்? இவ்வளவு நடந்ததில் எனக்கு அதிகம் கோபம் வந்தது இதற்குத்தான். பணம் போனால் என் பணம். இது இன்னொரு வீட்டின் நம்பிக்கை.

கோழியைப் பற்றி: மேல்தோல் நன்றாகச் சிவந்திருந்தது, தொடை மூட்டில் கத்தி வைத்ததும் ரத்தம் கசிந்தது. எப்போது சமைத்தது என்றும் பெட்டியில் எழுதவில்லை. சமைத்த சாப்பாட்டை நாலு மணி நேரத்துக்குள் சாப்பிடச் சொல்லி நம் சுகாதார அமைச்சு எத்தனை தடவை சொல்லியிருக்கிறது! அப்படியே குப்பையில் போட்டேன். அக்கா அவசரமாக முட்டைக் குழம்பு வைத்தார்.

பாட்டிலையும் திறந்ததோடு சரி, யாரையும் குடிக்க விடவில்லை. லேபிள் இல்லை, முத்திரை இல்லை, பழைய ஜூஸ் பாட்டில். 2018 செப்டம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கில் மெத்தனால் என்ற விஷச் சாராயம் கலந்த மதுவால் எத்தனை பேர் செத்தார்கள் என்று நினைத்துப் பாருங்கள், பெரும்பாலும் பிழைக்க வந்த வெளிநாட்டுத் தொழிலாளர்கள். மெத்தனாலை மணத்தாலோ ருசியாலோ கண்டுபிடிக்க முடியாது. உயிர் தப்பினாலும் கண்பார்வை போகலாம். உரிமம் இல்லாமல் மது விற்பதே இங்கே குற்றம். வீட்டில் பஞ்ச் வேண்டுமென்றால் கடையில் வரி முத்திரையோடு வரும் ரம்மை வாங்கி, அன்னாசிச் சாறு, எலுமிச்சை, பட்டை, கிராம்பு போட்டு நீங்களே கலந்துகொள்ளுங்கள். பத்து நிமிட வேலை. முகம் தெரியாதவர் கலந்து அனுப்பிய பாட்டிலை மட்டும் தயவுசெய்து தொடாதீர்கள்.

அன்று இரவே போன் செய்தேன். "அக்கா, பழம் ஊறின கேக் இப்படித்தான் இருக்கும், உங்களுக்குச் சாப்பிட்டுப் பழக்கமில்ல" என்றார். நாற்பது வருடம் கேக் செய்த அம்மா பக்கத்தில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஸ்டிக்கரைப் படம் பிடித்து அனுப்பினேன். இரண்டு நீலக் கோடு விழுந்தது, அப்புறம் என்னை பிளாக் செய்துவிட்டார். பினாங்கு ரோட்டில் பிரான்சிஸ் சவேரியார் ஆலயத்து நடுச்சாமப் பூசைக்கு அம்மா வந்தார், ஆனால் வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் அந்தப் பெண் எனக்கு அனுப்பிய கேக் படத்தைக் கூகிளில் தேடினேன். ஒரு வெளிநாட்டுச் சமையல் பக்கத்தில் பல வருடமாக இருக்கும் படம்.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன், யாருக்காவது உதவும். பணம் வாங்கிக்கொண்டு ஆளே மறைந்துவிட்டால் உடனே தேசிய மோசடிப் புகார் மையத்தின் 997-க்கு அழைக்க வேண்டும், தாமதிக்கத் தாமதிக்கப் பணம் வேறு கணக்குக்குப் போய்விடும். என் விஷயம் வேறு மாதிரி. பொருள் வந்தது, ஆனால் சொன்ன பொருள் வரவில்லை. இதற்கு இடம் பயனீட்டாளர் நடுவர் மன்றம், மலாயில் திரிபுனல் துந்துத்தான் பெங்குனா. பதிவுக் கட்டணம் 5 வெள்ளிதான். 50,000 வெள்ளி வரை கேட்கலாம், வழக்கறிஞர் தேவையில்லை. ஆனால் எதிர்த்தரப்பின் பெயரும் முகவரியும் பாரத்தில் எழுத வேண்டும். இங்கேதான் நம்மில் பலர் மாட்டிக்கொள்கிறோம். என்னிடம் இருந்தது ஒரு போன் எண். நல்லவேளை, டெலிவரி ரசீதில் பெட்டியை எடுத்த அடுக்குமாடி முகவரி இருந்தது, பாயான் லெப்பாஸ் பக்கம். போலீஸ் ரிப்போர்ட்டும் செய்து வைத்தேன். பினாங்கு பயனீட்டாளர் சங்கத்துக்கும் புகார் எழுதியிருக்கிறேன்.

மோசடிப் புகார் உள்ள கணக்குகளைத் தேடிப் பார்க்கும் போலீசின் செமாக் மியூல் இணையதளத்தில் அந்த வங்கிக் கணக்கு எண்ணைத் தட்டிப் பார்த்தேன், புகார் எதுவும் இல்லை என்று வந்தது. அதற்காக அந்தக் கணக்கு சுத்தம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்தத் தளத்தில் இன்னும் புகார் பதிவாகவில்லை, அவ்வளவுதான். வியாபாரப் பெயர் எஸ்எஸ்எம்மில் (நிறுவனப் பதிவு ஆணையம்) பதிவாகியிருக்கிறதா என்று பணம் போடுவதற்கு முன்பே தேடுங்கள். டைபாய்டு ஊசி போட்டாரா, உணவு கையாளும் பயிற்சி எடுத்தாரா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். ஒழுங்காகச் செய்கிறவர்கள் கோபப்படமாட்டார்கள், சான்றிதழைப் படம் பிடித்து அனுப்புவார்கள். நேரில் போய் ஒரு துண்டு ருசி பார்க்க முடியுமா என்றும் கேளுங்கள். எனக்குத் தெரிந்து ஆயர் ஈத்தாமிலும் பட்டர்வொர்த்திலும் உண்மையாகவே ராத்திரி இரண்டு மணி வரை அடுப்பின் முன்னால் நின்று கேக் செய்து விற்கும் அக்காமார் இருக்கிறார்கள். இப்படிப்பட்ட ஆட்களால் அவர்கள் பிழைப்பும் கெடுகிறது.

இதை இப்போது எழுதக் காரணம், போன வாரம் ஒரு தோழி சீனப் புத்தாண்டுக்கு அன்னாசி டார்ட் ஆர்டர் கொடுக்கப்போவதாக ஒரு விளம்பரத்தைக் காட்டினார். வேறு வியாபாரப் பெயர், வேறு போன் எண். பணம் போடச் சொன்ன வங்கிக் கணக்கு மட்டும் அதேதான், கடைசி நாலு இலக்கத்தை நான் மறக்கவே மாட்டேன். தோழி பணம் போடவில்லை. உங்களில் யாராவது டிசம்பரில் இதே மாதிரி ஏமாந்திருந்தால் எனக்குச் செய்தி அனுப்புங்கள், ரசீதுகளைச் சேர்த்து ஒன்றாகப் போவோம். ஸ்டிக்கர் ஒட்டிய அந்த இரண்டாவது கேக் இன்னும் என் ஃபிரீசரில்தான் இருக்கிறது. விசாரணை நாளில் அதையும் தூக்கிக்கொண்டு போவேன்.