வயசான நாயை வீட்டுக்குள் படம் எடுக்க: 35ஆ, 50ஆ?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் 35 மி.மீ. லென்ஸ் பக்கம். என் கையில் இருப்பது நிக்கானின் டிஎக்ஸ் 35 மி.மீ. எஃப் 1.8ஜி. டிஎக்ஸ் என்றால் படம் பதியும் சென்சார் சிறியதாக உள்ள நிக்கான் கேமரா வகை; எஃப் எண் குறையக் குறைய லென்ஸ் அகலமாகத் திறந்து அதிக வெளிச்சம் வாங்கும். அதை வாங்குவதற்கு முன் 50 மி.மீ. எஃப் 1.8ஜி லென்ஸை நண்பரிடம் இரவல் வாங்கிப் பல வீடுகளில் எடுத்துப் பார்த்தேன். இரண்டுமே நல்ல லென்ஸ்தான். ஆனால் நான் எடுப்பது கல்யாணமோ காதுகுத்தோ இல்லை. மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலும் சுற்றியிருக்கும் தோட்டங்களிலும் காப்பாற்றிக் கொண்டுவந்த வயசான நாய்களை, அவை தங்கியிருக்கும் வீட்டுக்குள்ளேயே, ஃபிளாஷ் போடாமல் எடுக்கிறேன். வளர்க்க ஆள் தேடும்போது அந்த ஒரு படத்தைப் பார்த்துத்தான் யாராவது போன் செய்வார்கள்.

தோட்டம் கைமாறி, தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தை உடைக்கும்போது குடும்பங்கள் தாமானுக்கும் (வீடமைப்புப் பகுதி) ஃபிளாட்டுக்கும் போய்விடுகின்றன. பல ஃபிளாட்டுகளில் நாய் வளர்க்க விடுவதில்லை. வருஷக்கணக்கில் வாசல் நடையான அஞ்சடியில் காவல் கிடந்த நாய் அங்கேயே நின்றுவிடும். அப்புறம் யாராவது ஓர் அக்கா அதைத் தூக்கிவந்து பின்னறையில் சாக்கு விரித்துப் படுக்க வைத்திருப்பார். நாம் படம் எடுக்கப் போவது அந்த அறையில். பத்தடிக்குப் பத்தடி இருந்தால் பெரிது. ஒரே ஒரு கண்ணாடிப் பட்டை ஜன்னல், அதில் கிரில், கிரிலுக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுச் சுவர். லென்ஸைப் பற்றிப் பேசும்போது இந்த அறையை மறக்கக் கூடாது.

ஃபிளாஷ் ஏன் வேண்டாம் என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். நாயின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் இருக்கிறது. கேமராவிலிருந்து நேராக ஃபிளாஷ் அடித்தால் கண் பச்சையாகவோ மஞ்சளாகவோ எரியும். வயசான நாய்க்கு இதில் இன்னொரு சங்கடம் உண்டு. ஏழெட்டு வயதுக்கு மேல் பல நாய்களுக்குக் கண்ணுக்குள் ஒரு நீலச் சாம்பல் மங்கல் படரும். கண்ணின் லென்ஸ் வயதோடு இறுகுவதால் வருவது அது. பார்வையைப் பெரிதாகப் பாதிக்காது. கண்புரை வேறு, அது பார்வையையே மறைக்கும். ஃபிளாஷ் படத்தில் இந்த வித்தியாசமெல்லாம் தெரியாது. பார்க்கிறவர் ‘ஐயோ, குருட்டு நாய்’ என்று அடுத்த படத்துக்குப் போய்விடுவார். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தால் அதே கண்ணில் பழுப்பு நிறம் தெரியும், பார்வை தெரியும்.

கேமராவோடு வரும் 18-55 ஜூம் போதாதா என்றால், போதாது. 35 மி.மீ. இடத்தில் அது சுமார் எஃப் 4.5 வரைதான் திறக்கும். எஃப் 1.8 அதைப்போல் ஆறு மடங்கு வெளிச்சம் வாங்கும். ஜூமில் ஷட்டர் வேகம் நொடியில் இருபதில் ஒரு பங்கு கிடைக்கிற அறையில் இதில் நூற்றிருபத்தைந்தில் ஒரு பங்கு கிடைக்கும். மூச்சிரைக்கும் நாய்க்கு முன்னது கலங்கல், பின்னது படம். கைப்பேசியின் இரவு முறை பல படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே படமாக்குகிறது. தூங்குகிற நாய்க்குச் சரி. தலை லேசாக நடுங்கும் கிழட்டு நாய்க்கு மீசைமுடியும் மோவாய் நரையும் குழைந்துபோகும்.

சரி, 35ஆ 50ஆ என்ற கேள்விக்கு வருவோம். இரண்டும் எஃப் 1.8. இரண்டிலும் கை நடுக்கத்தைச் சமாளிக்கும் வசதி கிடையாது. எடை 200 கிராம், 185 கிராம். தெளிவில் குறை சொல்ல எதுவும் இல்லை. டிஎக்ஸ் கேமராவில் 35 போட்டால், பெரிய சென்சார் உள்ள முழுச்சட்டக் கேமராவின் 52 மி.மீ. லென்ஸ் மாதிரியும், 50 போட்டால் 75 மாதிரியும் பார்க்கும். இந்த வேலையில் இரண்டையும் பிரிப்பது ஒரே விஷயம்தான், நாய்க்கும் நமக்கும் நடுவே உள்ள தூரம்.

அறையில் கணக்குப் போட்டுப் பாருங்கள். நடுத்தர உடம்புள்ள நாய் கால் நீட்டிப் படுத்தால் மூக்கிலிருந்து பின்பாகம் வரை ஏறக்குறைய 90 செ.மீ. இருக்கும். டிஎக்ஸ் சென்சாரின் அகலம் சுமார் 23.5 மி.மீ. அந்த நாய் முழுசாக, ஓரத்தில் கொஞ்சம் இடம் விட்டு விழ வேண்டுமானால் 35க்கு சுமார் ஒன்றரை மீட்டர் வேண்டும். 50க்கு இரண்டே கால் மீட்டர் வேண்டும். பத்தடி அறை மூன்று மீட்டர். அதில் கட்டில் ஒரு பக்கம், அரிசி மூட்டையும் காஸ் தோம்பும் (சிலிண்டர்) இன்னொரு பக்கம். நாய் கிடப்பதோ ஜன்னலை ஒட்டி. 50ஐப் பிடித்துக்கொண்டு பின்னால் நகர்ந்தால் முதுகு கதவில் இடிக்கும். இன்னும் ஒரு எட்டு வைத்தால் அடுப்படிக்குள் நிற்போம்.

இடம் இல்லை என்பதைவிடப் பெரிய காரணம் நாயே. இளம் நாயை ‘டேய்’ என்று கூப்பிட்டால், சாவிக்கொத்தைக் குலுக்கினால், காதைத் தூக்கிப் பார்க்கும். வயசான நாய்களில் பலவற்றுக்குக் காது போயிருக்கும். தாமான் அக்கா ஒருவர் தெளிவாகச் சொன்னார்: “கூப்பிட்டா திரும்பாது தம்பி. பக்கத்துல போய் உக்காரு, கோழிய மோந்து பாக்கட்டும்.” அதேதான் வழி. உப்புப் போடாமல் வேகவைத்த கோழித் துண்டை விரலில் வைத்துக்கொண்டு அதன் பக்கத்தில் தரையில் உட்கார வேண்டும். மூக்கு அசையும், தலை திரும்பும், நம்மைப் பார்க்கும். இது நடப்பது கையெட்டும் தூரத்தில்.

இரண்டு மீட்டர் தள்ளி நின்றால் அதற்கு நாம் ஒரு நிழல். தெருவில் அடிபட்ட நாய்க்கு நிழல் என்றால் பயம். சில நாய் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். சில நாய் யாரென்று பார்க்க எழும்பி வரும். இடுப்பு பிடித்துக்கொண்ட நாய் முன்காலை ஊன்றி, பின்காலை இழுத்து எழும்புவதைப் பார்க்க மனசு கேட்காது. படத்துக்காக அதை எழுப்பக் கூடாது என்பது என் கட்சி. 35ஐ மாட்டிக்கொண்டால் நான் போய் உட்கார்ந்த இடத்திலேயே வேலை முடிகிறது. இடது கை அதன் கழுத்தில், வலது கை கேமராவில். கழுத்தில் கை இருக்கும்வரை அதன் மூச்சு நிதானமாக இருப்பது விரலிலேயே தெரியும்.

லென்ஸின் கிட்டத்துத் தூரமும் இங்கே கைகொடுக்கிறது. 35 குறைந்தது 30 செ.மீ. தூரத்தில் ஃபோகஸ் பிடிக்கும். 50க்கு 45 செ.மீ. வேண்டும். இரண்டும் சென்சாரிலிருந்து அளப்பது, லென்ஸின் முனையிலிருந்து இல்லை. பதினைந்து செ.மீ. என்ன பெரிசு என்று தோன்றும். கோழி வாசத்துக்கு நாய் மூக்கை நீட்டிக்கொண்டு வரும்போது பாருங்கள், அந்தப் பதினைந்துக்குள்தான் முகம் இருக்கும். 50 அங்கே பிடிக்க மாட்டாமல் முன்னும் பின்னும் ஓடிக்கொண்டிருக்கும்.

50க்கு உரியதைக் கொடுத்துவிட வேண்டும். முகம் மட்டும் எடுப்பதென்றால் அது எடுக்கிற படம் அழகு. 35ஐக் கிட்டக் கொண்டுபோனால் மூக்கு பெரிசாகி, காது பின்னால் போய், நாய் ஏதோ கேலிப்படம் மாதிரி ஆகிவிடும். எழுபது எண்பது செ.மீ. தள்ளி எடுத்து, பிறகு வெட்டிக்கொண்டால் இது பெரும்பாலும் சரியாகும். 50இல் அறையின் சாமான்கள் சட்டத்துக்கு வெளியே போய்விடும், உள்ளே இருப்பதும் மங்கிவிடும். 35இல் காஸ் தோம்பும் துணிக்கொடியும் விழும். அதனால் நாய்க்குப் பின்னால் ஒரு பழைய கைலியை மாட்டிவிடுகிறேன், வெளிர் நிறமாக, பூப்போடாமல். அல்சேஷன் மாதிரிப் பெரிய நாய்களை நான் அதிகம் எடுத்ததில்லை. நீண்ட மூஞ்சிக்கு 50தான் மேல் என்று அந்த நாய்களை எடுக்கிறவர்கள் சொன்னால் நம்புவேன்.

ஃபோகஸ் ஆழத்திலும் ஒரு வித்தியாசம் உண்டு. ஒரு மீட்டர் தூரத்தில் எஃப் 1.8இல் 50க்குத் தெளிவாக விழுவது சுமார் 3 செ.மீ., 35க்கு சுமார் 6. கண்ணுக்கும் மூக்குநுனிக்கும் நடுவே அதைவிட அதிகம் இருக்கும், ஆகவே எப்படியும் கண்ணில்தான் ஃபோகஸ் வைக்க வேண்டும். முகத்தை அதே அளவுக்கு நிரப்ப 35ஐக் கிட்டக் கொண்டுபோனால் இந்த லாபம் கரைந்துவிடும் என்பதையும் சொல்ல வேண்டும். கொஞ்சம் தள்ளி எடுத்தால்தான் லாபம்.

எந்த லென்ஸாக இருந்தாலும் கறுப்பு நாய்க்கு ஒரு விஷயம் கவனியுங்கள். கேமரா கறுப்பைப் பார்த்தால் ‘இருட்டு’ என்று நினைத்து அதைச் சாம்பலாக்கப் பார்க்கும், வெளிச்சத்தை அதிகமாக வாங்கும். கேமராவில் ஒளி அளவை (எக்ஸ்போஷர் காம்பன்சேஷன்) மைனஸ் ஒன்றுக்குக் குறையுங்கள். அறுபதில் ஒரு பங்காக இருந்த வேகம் நூற்றிருபத்தைந்துக்கு ஏறும், கறுப்பு கறுப்பாகவே நிற்கும். மோவாயில் நரைத்த வெள்ளை முடி ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியும். வயசான நாயின் முகமே அந்த நரையில்தான் இருக்கிறது, அது வெந்துபோய் வெறும் வெள்ளைத் திட்டாகிவிட்டால் என்ன பிரயோஜனம்? கேமராவின் ஒளி உணர்திறனான ஐஎஸ்ஓவை 1600, 3200 வரை தயங்காமல் ஏற்றலாம். அதனால் புள்ளி விழுந்த படத்தை யாரும் குறை சொன்னதில்லை.

டியூப் லைட்டை அணைத்துவிடுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு நொடிக்கு 100 முறை துடிக்கும். ஷட்டர் வேகத்தைக் கூட்டினால் சில விளக்குகளில் படத்தின் குறுக்கே இருண்ட பட்டை விழும். ஜன்னல் வெளிச்சத்தோடு கலந்தால் நரைமுடியில் பச்சையும் ஏறும். காலை எட்டரையிலிருந்து பத்து வரை ஜன்னல் போதும். மதியத்துக்கு மேல் மழை இருட்டிக்கொண்டு வந்தால் இரண்டு லென்ஸும் திணறும்.

50ஐ வாங்க வேண்டியவர்களும் இருக்கிறார்கள். முழுச்சட்டக் கேமரா வைத்திருந்தால் யோசிக்கவே வேண்டாம். அதில் 50 பார்ப்பது டிஎக்ஸில் 35 பார்ப்பது போலத்தான், டிஎக்ஸ் 35 அந்தச் சட்டத்தை முழுசாக நிரப்பாது. பெரிய கூடம் உள்ள வீட்டிலோ காப்பகத்திலோ எடுக்கிறவர்களுக்கும் 50 சரிவரும்.

பழசில் இரண்டும் சில நூறு வெள்ளிக்குள் (ரிங்கிட்) கிடைக்கும். வாங்கும்போது கைப்பேசி டார்ச்சைப் பின்பக்கத்திலிருந்து அடித்து, முன்பக்கம் வழியாகப் பாருங்கள். சிலந்தி நூல் மாதிரி தெரிந்தால் பூஞ்சை, வேண்டாம் என்று வைத்துவிடுங்கள். 50இல் ‘1.8டி’ என்று ஒரு பழைய வகையும் சுற்றுகிறது, விலை குறைவு. அதற்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. உடலிலும் மோட்டார் இல்லாத நிக்கானின் டி3000, டி5000 வரிசைக் கேமராக்களில் அது தானாக ஃபோகஸ் பிடிக்காது. பெயரின் கடைசியில் ‘ஜி’ இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.