உப்புக்காற்றில் ஒரு வார்ப்பிரும்புச் சட்டி: பழக் கேக்குக்கு வாங்கலாமா?

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வார்ப்பிரும்புச் சட்டியில் பழம் போட்டுச் செய்யும் கோப்பிக் கேக் மிக நன்றாக வரும். தகரத் தட்டில் செய்வதைவிட அடிப்பக்கம் நிச்சயம் திறமாக இருக்கும். ஆனால் மட்டக்களப்பில் எங்கள் கல்லடி மாதிரி ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியும் உள்ள இடத்தில் அந்தச் சட்டியைத் துருப்பிடிக்காமல் வைத்திருப்பது கேக் செய்வதைவிடப் பெரிய வேலை. வாங்க நினைப்பவர்கள் இரண்டையும் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும்.

எங்கள் வீட்டுச் சட்டி 2021 கடைசியில் கனடாவிலிருந்து வந்த சித்தியின் பெட்டிக்குள் இருந்து வந்தது. லொட்ஜ் நிறுவனத்தின் தயாரிப்பு. அமெரிக்காவின் டென்னசியில் 1896 முதல் இயங்கும் பழைய வார்ப்பாலை அது. பத்து அங்குல அகலம், எடை இரண்டேகால் கிலோவுக்குக் குறையாது. விமானத்தில் கொண்டுவர அனுமதிக்கும் எடையில் அவ்வளவை ஒரு சட்டிக்குக் கொடுத்த சித்தியின் மனசைத்தான் முதலில் பாராட்ட வேண்டும். அம்மா தூக்கிப் பார்த்துவிட்டு, "இதென்ன புள்ள, அம்மிக்கல்லா?" என்றா.

கோப்பிக் கேக்கில் கோப்பி ஒரு துளியும் இல்லை. அமெரிக்க வீடுகளில் கோப்பியோடு சாப்பிடச் செய்யும் மிருதுவான கேக் அது. மேலே மா, பட்டர், பிரவுன் சீனி, கறுவாத்தூள் நான்கையும் விரலால் பிசறி உதிர்த்துத் தூவுவார்கள். நாங்கள் பிளேன்டீயோடு சாப்பிடுகிறோம், ஒரு குறையும் தெரியவில்லை.

வாங்கும் முன் பார்க்க வேண்டியது சட்டியின் அகலத்தை அல்ல, கைப்பிடியோடு சேர்த்த நீளத்தை. பத்து அங்குலச் சட்டி கைப்பிடியோடு பதினாறு அங்குலம் வரும். எங்கள் பக்கத்து வீடுகளில் இருப்பது பெரும்பாலும் மேசைமேல் வைக்கும் சின்ன மின்சார அவண். அதற்குள் நேராக வைத்தால் கதவு மூடாது, குறுக்காகச் சரித்து வைக்க வேண்டும். அதுவும் சரிவராத அவணுக்கு எட்டு அங்குலச் சட்டிதான் சரி. கைப்பிடியை வெளியே நீட்டிக் கதவைத் துணியால் அடைத்துச் சமாளிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். சூடு முழுவதும் வெளியே போய்விடும்.

இனி, ஏன் இந்தச் சட்டி? வார்ப்பிரும்பு வெப்பத்தைக் கடத்துவதில் மந்தம். அலுமினியத்தின் கால் பங்குகூட வராது. ஆனால் கனமாக இருப்பதால் உள்ளே வாங்கிய சூட்டை லேசில் விடாது. பழக் கேக்குக்கு வேண்டியது இதுதான். அவணைச் சூடாக்கும்போதே வெறும் சட்டியையும் உள்ளே வைத்துவிடுகிறேன், பத்துப் பதினைந்து நிமிடம். வெளியே எடுத்து ஒரு மேசைக்கரண்டி பட்டரைப் போட்டுச் சுழற்றி, உடனே மாவை ஊற்றினால் ஓரத்தில் "சுர்" என்று ஒரு சத்தம் வரும். அந்த நொடியிலேயே அடியில் ஒரு பொன்னிறத் தோல் பிடித்துவிடுகிறது. பழத்தின் சாறு பிறகு எவ்வளவு இறங்கினாலும் அடி களியாகாது. தகரத் தட்டில் மாம்பழக் கேக் செய்தவர்களுக்கு நான் சொல்லும் அந்தக் களி எதுவென்று தெரியும்.

அதே குணத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. அவணை நிறுத்தி வெளியே எடுத்த பிறகும் சட்டி சுட்டுக்கொண்டே இருக்கும். ஈர்க்கை நடுவில் குத்திப் பார்த்தால் ஒன்றிரண்டு ஈரத் துணுக்கு ஒட்டி வரும் நிலையிலேயே எடுத்துவிட வேண்டும். ஈர்க்கு சுத்தமாக வரும்வரை காத்திருந்தால் ஓரம் ரஸ்க் ஆகிவிடும். கறுப்புச் சட்டி சூட்டைக் கூடுதலாக வாங்குவதால் செய்முறையில் 180 பாகை செல்சியஸ் என்று இருந்தால் நான் 165 முதல் 170க்குள் வைக்கிறேன்.

அளவு கேட்பவர்களுக்கு: பத்து அங்குலச் சட்டிக்குக் கோதுமை மா 250 கிராம், சீனி 150, பட்டர் 110, முட்டை இரண்டு, தயிர் 200, பேக்கிங் பவுடர் ஒன்றரைத் தேக்கரண்டி, அப்பச்சோடா அரைத் தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை. மேலே தூவ மா 90 கிராம், பிரவுன் சீனி 80, பட்டர் 60, கறுவாத்தூள் ஒரு தேக்கரண்டி. கொஞ்சம் கஜுவை இடித்துச் சேர்த்தால் இன்னும் நல்லது. பழம் 250 கிராமுக்கு மேல் வேண்டாம். நாற்பது நிமிடம் போனதும் ஈர்க்கால் பார்க்கத் தொடங்குங்கள்.

தயிர் என்றால் நம் ஊர் எருமைத் தயிர். அமெரிக்கச் செய்முறைகளில் புளித்த கிறீம் ஊற்றச் சொல்வார்கள். அதைத் தேடி எந்தக் கடைக்கும் அலைய வேண்டாம். எருமைப் பாலில் ஏழெட்டு வீதம் கொழுப்பு, அதனால் மண்சட்டித் தயிர் அந்த வேலையைத் தாராளமாகச் செய்கிறது. மேலே நிற்கும் தண்ணீரை மட்டும் வடித்துவிடுங்கள். தயிரின் புளிப்புத்தான் அப்பச்சோடாவைப் பொங்கவைக்கிறது. ஆகவே புளிக்காத புதுத் தயிரைவிட ஒரு நாள் இருந்த தயிர் நல்லது.

மேலே தூவும் உதிரியைப் பற்றி ஒன்று. தென்மேற்கிலிருந்து வெக்கையான கச்சான் காற்று வீசும் மாதங்களில், பகல் பதினொரு மணிக்கு எங்கள் குசினியில் பட்டர் கிட்டத்தட்ட எண்ணெய். பிசறினால் உதிரி வராது, விழுதுதான் வரும். பிசறிய பாத்திரத்தை அப்படியே அரை மணி நேரம் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, பிறகு முள்ளுக்கரண்டியால் கிளறி உதிர்த்தால் சரியாகிவிடும். நான் இப்போது எல்லாவற்றையும் விடியற்காலையில் முடித்துவிடுகிறேன்.

பழங்கள்தான் இந்தக் கதையின் பெரிய பகுதி. அமெரிக்கச் செய்முறைகளில் வரும் பீச்சும் புளூபெரியும் நமக்கு எதற்கு? முதலிடம் மாம்பழத்துக்கு. ஆனால் நன்றாகக் கனிந்த கறுத்தக்கொழும்பானைச் சும்மா சாப்பிடுங்கள், அதைக் கேக்கில் போடுவது பாவம், சாறும் அதிகம். கொஞ்சம் இறுக்கமாக, லேசான புளிப்போடு இருக்கும் மாம்பழம்தான் கேக்குக்கு ஏற்றது. கோழிக்கூடு வாழைப்பழம் தண்ணீர் விடாது. வட்டமாக அரிந்து மாவின் மேல் அடுக்கி உதிரியைத் தூவினால் ஒரு வில்லங்கமும் இல்லை, புதிதாகச் செய்பவர்கள் இதில் தொடங்கலாம்.

அன்னாசிக்கு மட்டும் முன்வேலை வேண்டும். வேகவைக்காத அன்னாசியில் புரோமெலைன் என்ற நொதியம் இருக்கிறது. அது புரதத்தை அரிக்கும். தயிர் சேர்த்த மாவில் அப்படியே போட்டு வைத்தால் கசப்புத் தட்டும். துண்டுகளைக் கொஞ்சம் சீனியோடு சாறு வற்றும்வரை வதக்கினால் சூட்டில் அந்த நொதியம் செயலிழந்துவிடும், கேக்கில் ஈரமும் குறையும். வதக்குவதை வேறு பாத்திரத்தில் செய்யுங்கள். அன்னாசிச் சாறு நேராக இரும்பில் நெடுநேரம் கொதித்தால் சட்டியில் பூசிச் சுட்டு இறுக ஏற்றி வைத்த எண்ணெய்ப் படை கரைந்துபோகும், வாயில் இரும்புச் சுவையும் வரும். கேக்கில் அப்படி நடப்பதில்லை, ஏனென்றால் பழத்துக்கும் இரும்புக்கும் நடுவில் மா இருக்கிறது. ஆனாலும் மிச்சக் கேக்கை இரவு முழுவதும் சட்டியிலேயே விடக்கூடாது. ஆறியதும் தட்டுக்கு மாற்றிவிட வேண்டும்.

நாவல் பழத்தைப் பற்றி அக்கரைப்பற்றில் இருக்கும் சினேகிதி ஒருத்தி ஆசையாகக் கேட்டாள். செய்து பார்த்தோம். சுவையில் குறையில்லை. ஆனால் பழம் சட்டியைத் தொட்ட ஓரமெல்லாம் கரிய நீலம். துவர்ப்புள்ள பழங்களில் இருக்கும் தனின் இரும்போடு சேர்ந்தால் கறுக்கும். பழைய காலத்து எழுதுமையே இரும்பு உப்பையும் துவர்ப்புச் சாற்றையும் சேர்த்துச் செய்ததுதான். நெல்லிக்கும் கஜுப் பழத்துக்கும் இதே கதிதான் வரும். சாப்பிட்டால் ஆபத்தில்லை, விருந்தினருக்கு வைக்கத்தான் முடியாது.

2022 இல் இந்தச் சட்டிக்கு எங்கள் வீட்டில் மரியாதை கூடியது. பொருளாதார நெருக்கடியால் அந்த மார்ச் மாதக் கடைசியில் இலங்கையில் நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தது. எரிவாயுச் சிலிண்டருக்கு வரிசையில் நின்ற காலம். அவண் வெறும் அலுமாரி ஆகிவிட்டது. அப்போது முற்றத்தில் மூன்று கல் வைத்து, சிரட்டைக்கரித் தணலைக் கீழே பரப்பி, பழைய இரும்புத் தகட்டால் சட்டியை மூடி, அதன் மேலும் தணல் போட்டுச் செய்தோம். மேலும் கீழும் தணல் வைத்துச் சுடுவது நம் பாட்டிமாருக்குப் புதிதல்ல. அலுமினியத் தட்டாக இருந்தால் தணல் பட்ட இடம் கருகி மற்ற இடம் வேகாமல் கிடந்திருக்கும். தடித்த இரும்பு அந்த ஏற்ற இறக்கத்தை வாங்கிக்கொண்டது. கீழே தணல் குறைவாகவும் மேலே கூடுதலாகவும் இருக்க வேண்டும், அவ்வளவுதான் சூட்சுமம். பட்டருக்கு மாஜரின் போட்ட காலம் அது. உதிரி அவ்வளவு மொறுமொறுப்பாக வரவில்லை, ஆனால் பிள்ளைகள் யாரும் முறையிடவில்லை.

இனிப் பராமரிப்பு. இணையத்தில் வரும் அறிவுரைகள் பெரும்பாலும் உலர்ந்த குளிர்நாட்டுக்காரர் சொல்பவை. கழுவினேன், துடைத்தேன், அலுமாரியில் வைத்தேன் என்பார்கள். மாரி தொடங்கி வாடைக்காற்று அடிக்கும் நாட்களில் கல்லடியில் அப்படி வைத்துப் பாருங்கள், மறுநாளே விளிம்பிலும் கைப்பிடித் துளையிலும் செம்மஞ்சள் தூள் தெரியும். காற்றில் உப்பு, சில கிணறுகளில் தண்ணீரும் உவர்.

நாங்கள் செய்வது இது. சட்டியின் சூடு தணிந்ததும் இளஞ்சூட்டுத் தண்ணீரில் தும்பால் தேய்ப்போம். கொஞ்சம் சவர்க்காரம் பட்டால் ஒன்றும் ஆகாது, ஊறப்போடத்தான் கூடாது. கடைசியாக ஒருமுறை குழாய்த் தண்ணீர். துணியால் துடைத்ததோடு விடாமல் அடுப்பில் வைத்து நீராவி முழுக்கப் போகும்வரை காய்ச்சி, சூட்டோடு ஒரு துளி எண்ணெயைத் துணியில் தொட்டு உள்ளும் புறமும் கைப்பிடியும் பூசி, பூசியதெல்லாம் போய்விட்டது என்று தோன்றும்வரை துடைத்தெடுக்க வேண்டும். பொலித்தீன் பைக்குள் போட்டு வைக்காதீர்கள், உள்ளே வியர்க்கும். பழைய பருத்திச் சேலைத் துண்டில் சுற்றி அவணுக்குள்ளேயே வைத்துவிடுகிறோம்.

எந்த எண்ணெய் என்பதில் அம்மாவோடு எனக்கு இன்னும் வழக்கு முடியவில்லை. அவவுக்கு எல்லாவற்றுக்கும் தேங்காயெண்ணெய். ஆனால் அதில் பெரும்பகுதி நிறைவுற்ற கொழுப்பு. சூட்டில் இறுகிப் படையாவது குறைவு, பிசுபிசுப்பாக நின்று நாளடைவில் காறல் மணம் அடிக்கும். நல்லெண்ணெய் நன்றாக இறுகிப் பிடிக்கிறது. தோசைக்கல்லுக்கு நல்லெண்ணெய் பூசும் வழக்கம் காரணமில்லாமல் வரவில்லை. வருடத்துக்கு ஒருமுறை, மாரிக்கு முன்பாக, மெல்லப் பூசி அவணில் கவிழ்த்து வைத்து 220 பாகையில் ஒரு மணி நேரம் சுடுகிறேன். துரு பிடித்துவிட்டால் வினாகிரியும் தண்ணீரும் சரிபாதி கலந்து அரை மணி நேரம் விட்டுத் தேய்த்து, திரும்ப எண்ணெய் ஏற்ற வேண்டும். வினாகிரியில் இரவு முழுக்க விட்டால் இரும்பையே தின்னும்.

மற்றொரு சங்கதி, மீன். நம் வீடுகளில் ஒரு நல்ல தட்டைச் சட்டி இருந்தால் அதில் மீன் பொரியாமல் இருக்குமா? நான் வேலைக்குப் போன ஒரு நாளில் அதுவும் நடந்தது. அந்த வாரக் கேக்கின் அடியில் மெல்லிய பொரியல் வாசம். வெறும் சட்டியை உயர்ந்த சூட்டில் ஒரு மணி நேரம் வைத்தால் வாசம் பெரும்பாலும் போய்விடும். ஆனாலும் இப்போது கேக் சட்டி தனி என்று வீட்டில் சட்டம். இருந்தும் நான் சட்டியை வெளியே எடுக்கும்போதெல்லாம், "மறுகாவும் கேக்தானா?" என்று அம்மா கேட்பதில் கொஞ்சம் ஏக்கம் இருக்கிறது.

எதற்கு இது ஆகாது என்றும் சொல்ல வேண்டும். பட்டர் கேக்கின் ஓரம் கறுக்கும். லவ் கேக் பக்கமே கொண்டுபோகாதீர்கள். மட்டக்களப்புப் பறங்கியர் வீடுகளில் நத்தாருக்குச் செய்யும் அந்த ரவையும் கஜுவும் சேர்ந்த கேக் தாழ்ந்த சூட்டில் மெதுவாக வேக வேண்டியது. சூட்டைப் பிடித்து வைத்திருக்கும் சட்டி அதன் ஈர நடுவைக் கெடுத்துவிடும். அதற்குத் தாள் விரித்த தட்டுத்தான் சரி.

மணிக்கட்டு வலி உள்ளவர்கள் யோசித்து வாங்குங்கள். கேக் நிறைந்த சட்டியை இரண்டு கையாலும் பிடித்துத்தான் அவணிலிருந்து எடுக்க முடியும். பிடிதுணி உலர்ந்ததாக இருக்க வேண்டும். ஈரத் துணியென்றால் ஆவி அடித்துக் கை வெந்துவிடும். மேசையில் வைத்த பிறகும் அரை மணி நேரத்துக்கு மேல் கைப்பிடி சுடும். பிள்ளைகள் உள்ள வீடென்றால் அந்தத் துணியைக் கைப்பிடியிலேயே சுற்றி விடுங்கள், பார்த்தவர்களுக்குப் புரியும்.

வீட்டில் இருக்கும் இரும்புத் தாச்சியிலேயே செய்யலாமே என்று கேட்கிறார்கள். அடி வளைந்த தாச்சியில் நடுவில் மா ஆழமாக நிற்கும். ஓரம் வெந்து முடியும்போது நடு பச்சையாக இருக்கும். அடி தட்டையாக, விளிம்பு இரண்டங்குல உயரமாவது இருக்கும் வார்ப்பிரும்பு எதுவானாலும் வேலை செய்யும், வெளிநாட்டுப் பெயர் பொறித்திருக்க வேண்டும் என்றில்லை. கைப்பிடியில் மரமோ பிளாஸ்டிக்கோ இருக்கக் கூடாது. உட்பக்கம் விரலால் தடவிப் பார்த்து, பள்ளமும் பிசிறும் இல்லாததாகப் பார்த்து எடுங்கள்.