காஸ்பியனில் தகராறு, ஆரலில் தாகம்

காஸ்பியன், ஆரல் இரண்டும் பெயருக்குத்தான் கடல், சமுத்திரத்தோடு சேராதவை. காஸ்பியனைச் சுற்றி ஐந்து நாடுகள். சோவியத் ஒன்றியம் உடைந்தபின், அது கடலா ஏரியா என்றே இருபது ஆண்டுகளுக்கு மேல் வழக்காடின. 2018இல் அக்தாவ் நகரில் ஒப்பந்தம் கையெழுத்தானது: கரையிலிருந்து 15 கடல் மைல் அவரவர் ஆட்சிக்கு, அடுத்த 10 மைல் மீன்பிடிக்க. எண்ணெய் கிடக்கும் கடலடியை மட்டும் அண்டை நாடுகளே பேசிப் பிரித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள். உண்மையான சண்டையே அதற்குத்தானே!

ஆரலில் எல்லை தெளிவு: வடக்கே கஜகஸ்தான், தெற்கே உஸ்பெகிஸ்தான். தண்ணீர்தான் இல்லை. பருத்திக்காக ஆமூ தாரியா, சிர் தாரியா ஆறுகளைத் திருப்பியதில் கடல் வற்றியது. 2005இல் கோக்-ஆரல் அணையை முடித்து, கஜகஸ்தான் தன் வடபகுதியை ஓரளவு மீட்டது. உஸ்பெகிஸ்தானின் பழைய துறைமுகமான முய்னாக்கில் கப்பல்கள் இன்னும் மணலில் துருப்பிடிக்கின்றன.