ஃபிளிமா, சாதா ஃப்ரெட்டா? உயிரோட இருக்கற செல்லுக்கு எது சரிப்படும்

கோ-ஐபி பண்ணி (ஒரு புரோட்டீன ஆன்டிபாடியால இழுத்து, கூட ஒட்டிக்கினு வர்றது எதுன்னு பாக்கறது) வெஸ்டர்ன் பிளாட்ல (புரோட்டீன ஆன்டிபாடியால கோடா காட்டற டெஸ்ட்டு) பேண்டு வந்துட்டா ரெண்டு புரோட்டீனும் ஒட்டுதுன்னு எழுதிடறாங்க. ஆனா அதுக்கு செல்ல ஒடச்சி கரைச்சாவணும், எந்த எடத்துல எப்ப ஒட்டிச்சின்றது அதோட போச்சி, நடுவுல மூணாவது புரோட்டீன் ஒண்ணு புடிச்சிக்கினு இருந்தாலும் அதே பேண்டுதான் வரும். அதனால உயிரோட இருக்கற செல்லுல பாக்கணும்னா ஃப்ரெட், அதாவது ரெண்டு புரோட்டீன்லயும் ஒளிர்ற டேக் மாட்டி, ஒண்ணோட எனர்ஜி இன்னொண்ணுக்குத் தாவுதான்னு பாக்கறது. அதுல கான்ஃபோக்கல் மைக்ராஸ்கோப்புல வெளிச்சத்த அளக்கறதா, ஃபிளிம்ல லைஃப்டைம (லேசர் அடிச்சப்பறம் ஒளி வர்றதுக்கு ஆவற சராசரி நேரம்) அளக்கறதான்னுதான் நம்ம காட்பாடி பக்கம் பயோடெக் பசங்க கேட்டுக்கினே இருக்காங்க.

ரெண்டுக்கும் அடிப்படை ஒண்ணுதான், டோனரும் (எனர்ஜி குடுக்கற டேக்) அக்செப்டரும் (அத வாங்கிக்கற டேக்) ஏறக்குறைய 10 நானோமீட்டருக்குள்ள வந்தா டோனரோட எனர்ஜி வெளிச்சமா வராம அக்செப்டருக்குப் போயிடும்.

கான்ஃபோக்கல் ரூட்ல இன்னா தொல்லைன்னா, டோனர் வெளிச்சம் அக்செப்டர் சேனல்ல வழியும், டோனருக்கு அடிக்கற லேசர்லயே அக்செப்டரும் கொஞ்சம் எரியும், இத ரெண்டையும் கழிக்கணும்னா டோனர் மட்டும் போட்ட செல்லு, அக்செப்டர் மட்டும் போட்ட செல்லுன்னு தனித்தனியா வச்சி அதே செட்டிங்ல எடுக்கணும். டிரான்ஸ்ஃபெக்ட் பண்ண (வெளி டிஎன்ஏவ உள்ள விட்ட) செல்லுல ஒண்ணு கண்ண கூசும், பக்கத்து செல்லு மங்கலா இருக்கும், அதனால கணக்கு ஒரு செல்லுக்கு ஒண்ணா ஆடும்.

ஃபிளிம்ல டோனர மட்டும் பாத்தா போதும். லேசர் பல்ஸ் அடிச்சப்பறம் ஃபோட்டான் எவ்ளோ நேரம் கழிச்சி வருதுன்றதுதான் அளவு. ஈஜிஎஃப்பிக்கு (பச்சையா ஒளிர்ற டோனர்) சுமாரா 2.4 நானோசெகண்ட், பக்கத்துல எம்செர்ரி (செவப்பு அக்செப்டர்) வந்து 1.8க்கு எறங்குச்சின்னா எஃபிஷியன்சி 25 சதவீதம். செல்லுல புரோட்டீன் கம்மியோ ஜாஸ்தியோ அந்த 2.4 மாறாது, ஆம்பூர் பிரியாணிய அண்டாவுல ருசி பாத்தாலும் தட்டுல பாத்தாலும் உப்பு ஒரே உப்புதான, அது மாதிரி. இந்த ஒண்ணுக்காகவே என் ஓட்டு ஃபிளிமுக்கு.

ஆனா ஒரு பிக்சல்ல ஒட்டுனது ஒட்டாதது ரெண்டு டோனரும் கலந்துதான் கெடக்கும். ஆவரேஜ் 2.4ல இருந்து 2.2க்கு வந்தா, கொஞ்சம் பேரு நெருக்கமா ஒட்டினாங்களா, நெறைய பேரு தள்ளி நிக்கறாங்களான்னு அந்த ஒரு நம்பர வச்சி சொல்ல முடியாது. ஒட்டுனதுக்கு ஒண்ணு, ஒட்டாததுக்கு ஒண்ணுன்னு ரெண்டு எக்ஸ்பொனென்ஷியலா (ஒளி தேயற வளைவு) பிரிக்கணும்னா பிக்சலுக்கு ஆயிரக்கணக்குல ஃபோட்டான் வேணும். அவசரப்பட்டு லேசர ஏத்தினா பைல்-அப் ஆயி (ஒரே பல்ஸுக்கு ரெண்டு ஃபோட்டான் வந்தா மொதல்ல வந்தத மட்டும் எண்ணறது) லைஃப்டைம் பொய்யா கொறஞ்சி காட்டும், 80 மெகாஹெர்ட்ஸ் லேசர்னா டிடெக்டர் கவுண்ட் அதுல சில சதவீதத்த தாண்டக்கூடாது. அப்போ ஒரு படத்துக்கு நிமிஷக்கணக்கா ஆவும், அதுக்குள்ள எண்டோசோம் (செல்லுக்குள்ள ஓடற சின்னப் பை) நகந்துடும். செகண்ட்ல வந்துட்டு போற சிக்னல்னா எனக்கு இன்னும் கான்ஃபோக்கல் ரேஷியோதான் (அக்செப்டர், டோனர் வெளிச்சத்தோட விகிதம்). ஃபிட்டிங் பயமா இருந்தா ஃபேசர் பிளாட்ல (ஃபிட்டிங் இல்லாம ஒவ்வொரு பிக்சலையும் ஒரு புள்ளியா காட்டற படம்) போடுங்க, ஆனா ஃபோட்டான் கம்மியா இருந்தா அங்கயும் புள்ளிங்க செதறித்தான் கெடக்கும்.

அக்செப்டர ப்ளீச் பண்ணி (லேசரால ஒளிராம ஆக்கி) டோனர் வெளிச்சம் ஏறுதான்னு பாக்கறது மூணாவது ரூட்டு. ஒரு செல்லுக்கு ஒரே வாட்டிதான், உயிரோட இருக்கறதுல ப்ளீச் ஆவாத மூலக்கூறு வெளில இருந்து வந்து கெடுத்துடும். ஃபிக்ஸ் பண்ண செல்லுக்கு ஓகே.

மெஷின் நம்ம லேப்ல இல்லன்னா காட்பாடில பிருந்தாவன் புடிச்சி பெங்களூரு போவணும்னு வச்சிக்கோங்க, செல்ல தூக்கிக்கினு போவாதீங்க. பிளாஸ்மிட (டேக் போட்ட ஜீன் இருக்கற வட்ட டிஎன்ஏ) ஃபில்டர் பேப்பர்ல சொட்டு விட்டு, காய்ஞ்சதும் பென்சில்ல வட்டம் போட்டு பேரு எழுதி கவர்ல வச்சிக்கோங்க, நம்ம ஊரு அக்னி நட்சத்திர வெயில்லயும் டிஎன்ஏவுக்கு ஒண்ணும் ஆவாது. டிரான்ஸ்ஃபெக்ஷன் அங்க போயி பண்ணிக்கலாம்.

டோனர் மட்டும் போட்ட டிஷ்ஷ அன்னிக்கே, அதே டெம்பரேச்சர்ல, அதே மீடியால எடுங்க. ரிஃப்ராக்டிவ் இண்டெக்ஸ் ஏறினா ஜிஎஃப்பி லைஃப்டைம் கொறையும், அதனால ஃபிக்ஸ் பண்ணி கிளிசரால்ல மவுண்ட் பண்ண ஸ்லைட கன்ட்ரோலா வச்சிக்கினு உயிர் செல்லோட ஒப்பிட்டா எல்லாமே தப்பு. டோனரையும் அக்செப்டரையும் சின்ன லிங்கர்ல (இணைப்புத் துண்டு) கோத்த ஒரு கன்ஸ்ட்ரக்டும் கூடவே வேணும், அதுலயே லைஃப்டைம் எறங்கலன்னா மத்த டிஷ்ஷ வைக்கறதே வேஸ்ட்டு.

லைஃப்டைம் எறங்கலன்னா ஒட்டலன்னு மட்டும் எழுதிடாதீங்க, டேக் தப்பான முனையில இருந்தாலும் அப்டித்தான் வரும், அந்த முனைய மாத்தி இன்னொரு குளோன் போட்டு பாருங்க. புதுசா குளோன் பண்றவங்க டோனருக்கு எம்டர்க்கோய்ஸ்2 (நீலப்பச்சையா ஒளிர்ற புரோட்டீன்) எடுத்துக்கோங்க, லைஃப்டைம் 4 நானோசெகண்ட் கிட்ட, கிட்டத்தட்ட ஒத்த எக்ஸ்பொனென்ஷியல். அதே நெறத்து பழைய ஈசிஎஃப்பி தனியா இருக்கும்போதே ரெண்டு எக்ஸ்பொனென்ஷியலா பிரியும், அத ஃபிளிமுக்கு எடுத்துக்கினு போயி மாட்டிக்காதீங்க.