ஃபேமிலி லிங்க்கா, ஸ்கிரீன் டைமா, ரூட்டர் ஃபில்டரா, ஒளிஞ்சு பாக்குற ஆப்பா? பிள்ளைங்களுக்கு எது சரிப்படும்

என் பொண்ணுக்கு 11 வயசு, பையனுக்கு 8. அவ கையில பழைய ஐபோன், அவன் கையில ஆண்ட்ராய்டு டேப்லெட், அதனால ரெண்டு பக்கமும் மாறி மாறி நோண்டி பாத்தாச்சு, எது உருப்படியா வேலை செய்யுது எது பேருக்கு இருக்குன்னு இப்ப ஓரளவுக்கு புரியுது.

ஆண்ட்ராய்டுன்னா ஃபேமிலி லிங்க் தான், வேற எங்கயும் தேட வேணாம். கூகுள் 2017ல கொண்டு வந்தது, காசு கிடையாது. பிள்ளை ஒரு ஆப் இறக்கணும்னா நம்ம போனுக்கு கேட்டு வரும், ஓகே குடுத்தா தான் இறங்கும், ஒரு நாளைக்கு எவ்ளோ நேரம், ராத்திரி எத்தன மணிக்கு பூட்டணும், குரோம்ல எந்த சைட் வேணாம், எல்லாமே நாம இருக்குற இடத்துல இருந்தே பண்ணிக்கலாம். நம்ம போன் ஐபோனா இருந்தாலும் ஃபேமிலி லிங்க்கை போட்டு பிள்ளையோட ஆண்ட்ராய்டை கவனிக்கலாம். ஆனா மெசேஜ்ல யாரோட என்ன பேசுறாங்கன்னு அது காட்டாது. நிறைய பேர் இதை குறையா சொல்றாங்க, எனக்கு அது குறையா படல, ஏன்னு பின்னாடி சொல்றேன்.

ஐபோன்ல ஸ்கிரீன் டைம், 2018ல ஐஓஎஸ் 12 கூட வந்தது. இங்க ஒரு சிக்கல் இருக்கு, நம்ம கையில ஆண்ட்ராய்டு பிள்ளை கையில ஐபோன்னா தூரத்துல இருந்து ஒண்ணும் பண்ண முடியாது, அந்த ஐபோனை வாங்கி அதுலயே தான் பாஸ்கோட் போட்டு செட் பண்ணணும். லிமிட் போட்டா மட்டும் பத்தாது, நேரம் முடிஞ்சதும் பூட்டணும்னு தனியா ஒரு ஸ்விட்ச் இருக்கு, அதை விட்டுட்டா பிள்ளை ஒரு தட்டு தட்டி லிமிட்டை தாண்டி போயிரும். நான் ரொம்ப நாள் அதை கவனிக்கவே இல்ல. போன் லாக்குக்கு போட்ட நம்பரையே இதுக்கும் போடாதீங்க, அவங்களுக்கு அது மனப்பாடம்.

ஸ்கிரீன் டைம்ல எனக்கு ரொம்ப புடிச்சது கம்யூனிகேஷன் சேஃப்டி. மெசேஜ்ல நிர்வாண படம் வந்தாலோ அனுப்ப போனாலோ மங்கலாக்கி, நிஜமாவே பாக்கணுமான்னு பிள்ளை கிட்ட கேக்கும். போனுக்குள்ளயே கண்டுபுடிக்குது, படம் ஆப்பிளுக்கு போகாது. ஃபேமிலி ஷேரிங்ல (ஒரே குடும்பத்தோட ஆப்பிள் அக்கவுண்ட்டை சேத்து வெக்கிற வசதி) சேத்த 13 வயசுக்கு கீழ உள்ள பிள்ளைங்களுக்கு ஐஓஎஸ் 17ல இருந்து தானாவே ஆன் ஆகி இருக்கும், இருந்தாலும் ஒரு தடவ பாத்துக்கோங்க.

ரூட்டர் ஃபில்டர் அஞ்சு நிமிஷ வேலை. ரூட்டர் செட்டிங்ஸ்ல டிஎன்எஸ்னு (சைட் பேரை வெச்சு அது எங்க இருக்குன்னு தேடி குடுக்குற சேவை) ஒரு இடம் இருக்கும், அதுல கிளவுட்ஃப்ளேர்ங்கற கம்பெனியோட 1.1.1.3, அடுத்த கட்டத்துல 1.0.0.3, அவ்ளோ தான், வைஃபைல இருக்குற எல்லா சாதனத்துலயும் ஆபாச சைட்டும் வைரஸ் சைட்டும் பெரும்பாலும் நின்னுரும். ஆனா டிஎன்எஸ் பாக்குறது சைட்டோட பேரை மட்டும் தான். யூடியூப்ங்கற பேரு அதுக்கு நல்ல பேரு, உள்ள என்ன ஓடுதுன்னு அதுக்கு தெரியாது. மொபைல் டேட்டாவுக்கு மாறினாலோ விபிஎன் (நம்ம ரூட்டர் கண்ணுல படாம வேற வழியா நெட்டுக்கு போற ஆப்) போட்டாலோ கதை முடிஞ்சது. சின்ன பிள்ளை தெரியாம தடுக்கி விழாம இருக்க நல்லது, தேடி போற வயசு பிள்ளைய நிறுத்தாது. பையனுக்கு யூடியூப் கிட்ஸ்ல நான் தேர்ந்தெடுத்த சேனல் மட்டும்னு வெச்சிருக்கேன், அந்த வசதி அதுலயே இருக்கு.

அடுத்து ஒளிஞ்சு பாக்குற ஆப். பிள்ளைக்கு தெரியாம மெசேஜ், போட்டோ எல்லாம் நமக்கு வரும்னு விளம்பரம் பண்றாங்க. அதெல்லாம் முதல்ல போறது அந்த கம்பெனி சர்வருக்கு, எம்ஸ்பைங்கற ஆப்போட டேட்டா 2015லயும் 2018லயும் வெளிய கசிஞ்சிருக்கு. பிள்ளைய காப்பாத்த போட்டது பிள்ளை படத்தையே ஊருக்கு காட்டிட்டா என்ன பண்றது? ஆனா நான் வேணாம்னு முடிவு பண்ணதுக்கு காரணம் இது மட்டும் இல்ல.

ஒரு நாள் சாயங்காலம் பொண்ணு போனை என் கையில குடுத்துட்டு பேசாம நின்னா. கேம் சாட்ல ஒரு ஐடி நாலு நாளா பேசியிருக்கு. முதல் நாள் காயின் குடுத்திருக்கு, ரெண்டாவது நாள் எந்த கிளாஸ் படிக்கிறேன்னு கேட்டிருக்கு, மூணாவது நாள் இங்க சாட் சரியா வரல வேற ஆப்புக்கு வான்னு சொல்லியிருக்கு, நாலாவது நாள் "அம்மா கிட்ட சொல்லாத, போனை புடுங்கிருவாங்க". அந்த கடைசி வரிய படிச்சதும் எனக்கு கை நடுங்கிருச்சு, ஏன்னா அது நானே வீட்டுல தினம் சொல்ற வார்த்தை தான், எவனோ ஒருத்தன் அதையே எடுத்து என் பிள்ளைய கட்டிப்போட பாத்திருக்கான். அந்த கேமுக்கு ஓகே குடுத்தது நான், விளையாடுனது லிமிட்டுக்குள்ள, டிஎன்எஸ்ஸுக்கு அது நல்ல சைட், படம் எதுவும் வரல. நான் போட்ட பூட்டு ஒண்ணு கூட சத்தம் போடல.

ஒளிஞ்சு பாத்திருந்தா முதல் நாளே தெரிஞ்சிருக்கலாம், அதை ஒத்துக்கறேன். ஆனா தெரிஞ்சத பத்தி பேசணும்னா உளவு பாத்தேன்னு சொல்லணும், அப்புறம் அடுத்த தடவ அவ என் கிட்ட போனை நீட்டவே மாட்டா. அதனால தான் பிள்ளைக்கு தெரிஞ்சே போடுற பூட்டு போதும், மெசேஜை காட்டாட்டியும் பரவாயில்லன்னு ஃபேமிலி லிங்க், ஸ்கிரீன் டைம் பக்கமே நிக்கிறேன்.

அன்னிக்கு ஸ்கிரீன்ஷாட் எடுத்துட்டு அப்புறம் தான் ரிப்போர்ட் பண்ணி பிளாக் பண்ணோம், வரிசை முக்கியம், பிளாக் பண்ணா சில இடத்துல சாட்டே காணாம போயிரும். கேம் செட்டிங்ஸ்ல சாட்டை ஃப்ரெண்ட்ஸுக்கு மட்டும்னு மாத்துனோம், இதை ஃபேமிலி லிங்க்கோ ஸ்கிரீன் டைமோ நமக்காக பண்ணாது, ஒவ்வொரு கேமுக்குள்ளயும் போய் பாக்கணும். ஒருவேளை பிள்ளையோட அந்தரங்க படம் ஏற்கனவே போயிருச்சுன்னா காணாம போன, சுரண்டப்படுற பிள்ளைங்களுக்காக அமெரிக்காவுல இருக்குற என்சிமெக்ங்கற அமைப்பு நடத்துற டேக் இட் டவுன்னு ஒரு இலவச சேவை இருக்கு, படத்தை அனுப்ப வேணாம், அதோட டிஜிட்டல் கைரேகை (படத்துல இருந்து நம்ம போன்லயே கணக்கு போட்டு எடுக்குற ஒரு குறியீடு) மட்டும் போகும், இன்ஸ்டாகிராம் ஃபேஸ்புக் மாதிரி அதுல சேந்த தளங்கள் அதை வெச்சு தேடி எடுக்கும்.

போனை புடுங்கிருவேன்ங்கற பேச்சை நான் அன்னிக்கே விட்டுட்டேன். 13 வயசு ஆகுறதுக்குள்ள எந்த பூட்டை எப்ப எடுக்கறதுன்னு நானும் அவளும் உக்காந்து ஒரு லிஸ்ட் எழுதி வெச்சிருக்கோம். ராத்திரி 9 மணி பூட்டு கடைசில தான் போகும்னு நான் எழுதினேன், அதுக்கு அவ இன்னும் ஒத்துக்கல.