நான்கு ஆண்டுகளாக ஒரு மடக்கு ரிஃப்ளெக்டர்: உச்சிவெயிலில் முகங்களைப் படமெடுத்த அனுபவம்

உச்சிவெயிலில் மனிதர்களைப் படமெடுக்க வேண்டிய கட்டாயம் அடிக்கடி நேர்வதால், 107 செ.மீ. விட்டமுள்ள ஐந்து பக்க மடக்கு ரிஃப்ளெக்டர் (வெளிச்சத்தை முகத்தின் மேல் திருப்பிவிடும் தட்டு) ஒன்றை நான்கு ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். வெள்ளி, தங்கம், வெள்ளை, கறுப்பு ஆகிய நான்கும் ஜிப் வைத்த மேலுறையில் இருக்கின்றன. உள்ளே வளையத்தில் இழுத்துக் கட்டிய மெல்லிய வெள்ளைத் துணி இருக்கிறது. கொடுத்த பணத்துக்கு உழைத்தது அந்த உள்துணி மட்டுமே என்பது என் கணிப்பு.

சூரியன் தலைக்கு நேர் மேலே நிற்கும்போது புருவ எலும்பு கண்குழிகளை இருட்டாக்கிவிடுகிறது. மூக்கின் நிழல் மேலுதட்டில் மீசை போல விழுகிறது. வானத்தில் சூரியனின் அகலம் ஏறத்தாழ அரை பாகைதான் என்பதால் அந்த நிழல்களின் விளிம்பு கத்தியால் கீறியதுபோல் இருக்கும். சூரியனுக்கும் முகத்துக்கும் நடுவே துணியைப் பிடித்தால், முகத்தைப் பொறுத்தவரை துணியே அகலமான விளக்காகிவிடுகிறது. தலைக்கு மேல் இரண்டடி உயரத்தில், சற்று முன்னால் சாய்த்துப் பிடிக்கும்போது, மூக்கின் நிழல் எங்கே முடிகிறது என்று சொல்ல முடியாத அளவுக்குக் கரைந்துவிடுகிறது. அதே துணியை ஆறடிக்கு விலக்கினால் நிழலின் விளிம்பு மறுபடியும் இறுகத் தொடங்குகிறது. படச்சட்டத்துக்குள் துணியின் ஓரம் தெரிந்துவிடுமோ என்ற பயத்தில் முதல் சில மாதங்கள் அதைத் தள்ளியே பிடிக்கச் சொல்லி, பயன் இல்லையே என்று குறைபட்டுக்கொண்டிருந்தேன்.

இந்தத் துணி ஏறத்தாழ ஒன்றரை ஸ்டாப் வெளிச்சத்தை விழுங்குகிறது (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதியாகும்). நேர்வெயிலில் ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) 100, லென்ஸ் துளை எஃப்/2.8 என வைத்தால் ஷட்டர் வேகம் 1/3200 நொடியை ஒட்டி வரும். துணிக்குக் கீழே அது 1/1000 அளவுக்கு இறங்குகிறது. முகத்துக்கு அது சரியாக இருந்தாலும், பின்னணி இன்னும் முழு வெயிலில்தான் நிற்கிறது என்பதால் அதுவும் அதே ஒன்றரை ஸ்டாப் கூடுதலாக வெளிறிப்போகிறது. வெள்ளைச் சுவருக்கு முன் நிறுத்திய ஒருவரின் படங்களை நான் முழுவதுமாக இழந்தது இப்படித்தான். இப்போது ஆளை நிறுத்துவதற்கு முன்பே, பின்னால் அடர்ந்த செடியோ, மரத்தண்டோ, நிழல் படிந்த வாசலோ இருக்கிறதா என்று பார்த்துவிடுகிறேன். வெயிலில் கேமராவின் திரையை நம்ப முடியாது. படத்தில் இருளும் வெளிச்சமும் எவ்வளவு என்று காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராம் மட்டுமே பேச்சு.

வெள்ளிப் பக்கம் எனக்கு ஒத்துவரவில்லை. அதன் பளபளப்பில் எதிரே நிற்பவர் கண்ணைச் சுருக்கிக்கொள்கிறார், கீழிருந்து அடிக்கும் வெளிச்சமோ முகத்தைப் பேய்க்கதைக்குரியதாக்கிவிடுகிறது. தங்கப் பக்கத்தைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை. எதிர்பாராமல் உதவியது கறுப்புதான். புல்தரையில் நிற்பவரின் தாடைக்கு அடியில் படியும் பச்சைச் சாயல், மேலுறையைக் கறுப்புப் பக்கம் மேலே வருமாறு அவர் காலடிக்கு முன்னால் விரித்துவிட்டால் கண்கூடாகக் குறைகிறது.

உழைப்பைப் பொறுத்தவரை, இரண்டாம் ஆண்டிலேயே மேலுறையின் ஜிப் பல் கழன்றது. எஃகு வளையமும் இப்போது தட்டையாக நிற்பதில்லை, காய்ந்த இலை போல ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருக்கிறது. மடிப்பதற்கு இரு விளிம்புகளையும் எதிரெதிராக முறுக்க வேண்டும். கை நழுவினால் சீறிக்கொண்டு விரியும். உள்துணி மஞ்சளித்திருப்பதை இவ்வாண்டுதான் கவனித்தேன்: ஒரே வெள்ளைச் சட்டை, துணிக்குக் கீழே எடுத்த படத்தில் மட்டும் பழைய காகிதத்தின் நிறத்தில் இருந்தது. சாம்பல் நிற அட்டையைத் துணிக்கு அடியிலேயே வைத்து ஒயிட் பேலன்ஸ் (வெள்ளை வெள்ளையாகவே தெரிய நிறத்தைச் சரிசெய்யும் அளவு) எடுத்துக்கொள்வதால் இப்போதைக்குச் சமாளிக்க முடிகிறது.

இருவருக்கு மேல் நின்றாலோ, முழு உருவம் வேண்டுமென்றாலோ இதனால் பயனில்லை. அப்போது கட்டட நிழலைத் தேடுவதே மேல். தனியாகச் செல்லும் நாளில் இதை நான் எடுத்துச் செல்வதும் இல்லை. பிடிப்பதற்கு ஓர் ஆள் வேண்டும், லேசான காற்றுக்கே கப்பல் பாய் போல இழுக்கும், பத்து நிமிடத்தில் அவர் கை தாழ்ந்து நெற்றியில் வெயில் கீற்று விழத் தொடங்கிவிடும். ஆகவே ஐந்து படத்துக்கு ஒருமுறை துணியை இறக்கச் சொல்லிவிடுகிறேன்.